ஆட்டிய கையோடு ஊற்றிய இட்லி

வியர்த்தால் தசை வளரும், வலித்தால் இன்னும் வளரும், ஓய்ந்தால் கரைந்துவிடும். பளுதூக்கும் விடுதியின் பயிற்சியாளர் தங்கப்பாண்டி சுவரில் எழுதி வைத்திருந்த வேதங்கள் இந்த மூன்றுதான். நான்காவதைப் படிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

விடுதியில் சமைத்த பிச்சம்மாளின் தம்பி இசக்கியும் அங்கேதான் பளு தூக்கினான். தோள் வீங்கி, அவன் கை மேலே எழவில்லை.

"ஐயா, அவன் நாலு நாள் சும்மா கிடக்கட்டும்."

"சும்மா கிடந்தா உடம்பு வளருமா? நாளைக்குப் பளுதூக்கும் சங்கத் தலைவர் வர்றார். அவர் முன்னாடி இவன் தூக்கணும். இல்லேன்னா பெட்டியைக் கட்டச் சொல்லு. நீ போய் இட்லியைக் கவனி!"

பிச்சம்மாள் கவனித்தாள்.

மறுநாள் காலை, தலைவரால் இட்லியைப் பிட்கவே முடியவில்லை. தங்கப்பாண்டி தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார்.

"இது இட்லியா, எடைக்கல்லா?"

"விடியக்காலையில இருந்து ஓயாம ஆட்டினேன் ஐயா. மாவை ஒரு நிமிஷம் சும்மா விடலை. ஆட்டின கையோட ஊத்திட்டேன்."

"அறிவிருக்கா? ஆட்டினா மட்டும் போதுமா? ராத்திரி பூரா சும்மா வெச்சாத்தானே மாவு பொங்கும்!"

"மாவுக்கு இருக்கிற நியாயம் என் தம்பி தோளுக்குக் கிடையாதா?"

தலைவர் இசக்கியைக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டார். அவன் துடித்தான்.

"வீக்கம் வடியிற வரைக்கும் இவன் கம்பியைத் தொடக் கூடாது" என்றவர், மிச்ச இட்லிகளையெல்லாம் தங்கப்பாண்டியின் தட்டில் கவிழ்த்தார். பிறகு சுவரில் எழுதியிருந்த வேதங்களைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க. நடுவுல ஓய்ஞ்சிடாதீங்க, கரைஞ்சிடும்."