பழுப்புக்கு அடியில்

“மூணு தடவை கறுப்பு அடிச்சுட்டேன். மூணு தடவையும் தொட்டா கையோட வருது. நான் என்னம்மா தப்புப் பண்றேன்?”

கேட்டவர் தேவநேசன், ஓய்வு பெற்ற தபால்காரர். ஷகீராவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்து வருஷம் சாயம் ஏற்றிய கை. இப்போது வீட்டிலேயே பழைய ஷூக்களுக்கு நிறம் மாற்றுகிறாள், கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறாள்.

அவள் ஷூவை வாங்கிப் பார்த்தாள்.

“பழைய பாலிஷைத் துடைச்சுட்டுத்தானே அடிச்சீங்க?”

“துடைச்சேன்.”

பஞ்சை, பாலிஷைக் கரைக்கும் தின்னரில் நனைத்து ஓரமாக ஒரு இழுப்பு இழுத்தாள். கறுப்பு வந்தது. அடுத்த இழுப்பில் பழைய பாலிஷின் பழுப்பு மெழுகு திரண்டு வந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள்.

அறுபது வயதில் பொய் பிடிபட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரிவதில்லை.

“அது எபி போட்ட பாலிஷ்மா. நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி உட்கார்ந்து தேய்ப்பான். அதை மட்டும் எடுக்கச் சொல்லாத.”

மகன் எபனேசர் இறந்து, வரும் ஞாயிறோடு ஒரு வருஷம். அவன் ஷூவைப் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததில் பூஞ்சை பூத்து, பழுப்பு திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது; அதை மறைக்கத்தான் கறுப்பு. வீடு முழுக்க அவனைத் தேடி அலுத்துப்போன மனுஷனுக்கு மிஞ்சியது இந்த ஜோடிதான்.

“மெழுகு மேல சாயம் நிக்காதுங்கய்யா.”

“வேற வழி?”

“இல்லை.”

அவள் தின்னர்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுதார். அழுக்கான பஞ்சை எறிய மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக மடியில் சேர்த்ததில் வேட்டி பாழானது.

தையலோரத்தில் அவர் கை நின்றது.

“இது என்ன சிவப்பு?”

அவள் எட்டிப் பார்த்தாள். “இதுதான் முதல் நிறம். பழுப்பு அப்புறம் ஏத்தினது.”

“இல்லம்மா, இது புதுசு. அவன் முதல் சம்பளத்துல எனக்கு இந்தக் கண்ணாடி, அவனுக்கு ஷூ. கடையில வாங்கினேன்னுதான் சொன்னான்.”

“சந்தையில பழசா எடுத்திருப்பார். வீட்டுல வச்சுத்தான் சாயம் போட்டிருக்கார். கைவேலை தெரியுதே.”

தேவநேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காசைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு, யாரோ கழித்துப் போட்டதில் நாலு வருஷம் நடந்திருக்கிறான் பிள்ளை. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்கக்கூட இனி ஆளில்லை.

“இந்தச் சிவப்பு யாரோடதும்மா?”

“யாருக்குத் தெரியும்? ஆனா சாயம் போடுறதுக்கு முன்னாடி நல்லாத் துடைச்சிருக்கார். அதான் நாலு வருஷம் நின்னிருக்கு.”

“துடைக்கும்போது, இது யாரோடதோன்னு அவன் நினைச்சிருப்பானா?”

“நினைச்சிருப்பார்,” என்றாள் ஷகீரா. “நினைச்சுக்கிட்டேதான் துடைச்சிருப்பார்.”

தேவநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு ஷூவை மடிக்கு இழுத்தார்.