அட்டை அளவு இடைவெளி

இருட்டிய பிறகு மாடி அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நரம்பு அறுந்ததுபோல் 'டிங்' என்று ஒரு தெறிப்பு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அறையில் யாரும் இல்லை. எமெல்டா படிக்கட்டின் கீழேயே நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

அது அவள் மகள் ஷெரினின் அறை. எட்டாவது படிக்கிற பெண், இரண்டு மாதமாக அத்தை வீட்டில் இருக்கிறாள். போனதற்குக் காரணம் ஒரு தாழ்ப்பாள்.

சிறு வயதில் ஷெரினுக்கு வலிப்பு வரும். ஒருமுறை தாழ் போட்ட குளியலறைக்குள் விழுந்து கிடந்தாள். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அன்றைக்கே எமெல்டா எல்லா அறைகளின் உள்தாழ்ப்பாள்களையும் கழற்றி எறிந்தாள். பிறகு வலிப்பு நின்றது. மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மருந்தை மட்டும் நிறுத்தினாள்.

"என் ரூமுக்காவது ஒண்ணு போடும்மா" என்று பெண் கேட்டாள். கெஞ்சினாள். கடைசியில் கேட்பதை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வருகிற ஞாயிறு, பூசை முடிந்து மீதித் துணிகளை எடுக்க வருகிறாள். அப்போது அவள் வெகுநாளாய் ஆசைப்பட்ட குட்டி ரயிலை ஓட்டிக் காட்டினால் தங்கிவிடுவாள் என்று எமெல்டா நம்பினாள். அதற்காகவே பெனாசிரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தாள். ரயில்வே பணிமனை இருக்கும் பொன்மலையில் மாதிரி ரயில் பாதைகள் செய்கிறவள் பெனாசிர்; எமெல்டாவைவிட இளையவள். 'குருவே' என்று கூப்பிட்டால் சிரிப்பாள்.

மறுநாள் பகலில் பெனாசிர் வந்தாள். மாடி அறை ஷீட் கூரைக்கடியில் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தாள்.

"கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களாக்கா?"

"ஆரம்பிக்கிறவங்களுக்கு எது வேணும்னு தெரியல. பயந்து எல்லாத்தையும் வாங்கிட்டேன். கட்டர், பொடி அரம், இடுக்கி, சால்டரிங் அயர்ன்..."

"இதுல எதுக்கு வேலை ஜாஸ்தி?"

"சால்டரிங் அயர்னுக்கு."

பெனாசிர் குனிந்து, கண்ணை மேசை மட்டத்தில் வைத்து, எமெல்டா போட்டிருந்த பாதையைப் பார்த்தாள். அது பலகையை விட்டெழும்பிப் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. இரண்டு இணைப்புகள் விட்டுப்போயிருந்தன.

"ஒரு மூட்டு பாக்கியில்லாம ஈயத்தை உருக்கி ஒட்டியிருக்கீங்க."

"பிரிஞ்சிடக் கூடாதுல்ல."

"நுனியும் நுனியும் முட்டிக்கிட்டு வேற நிக்குது."

"இடைவெளி விட்டா சக்கரம் அதுல இறங்கிக் கவுந்துடுமோன்னு பயம்."

"ராத்திரி சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பேய்னு நினைச்சேன்."

"பேய்க்கு ஈயம் பிரிக்கத் தெரியாதுக்கா. பகல் சூட்டுல தண்டவாளம் நீளப் பார்த்திருக்கு, இடமில்ல. இருட்டினதும் சுருங்கியிருக்கு. இறுக்கின இடத்துல அறுத்துக்கிச்சு."

"அப்ப இன்னும் கனமா ஈயம் வச்சிடட்டா?"

பெனாசிர் நிமிர்ந்தாள். சால்டரிங் அயர்னின் வயரைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அதைப் பிடுங்கிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? முதல்ல வேண்டிய கருவி எதுதான், குருவே?"

பெனாசிர் பையைத் துழாவி ஒரு பழைய விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள். "இது."

மூட்டுகளை வெட்டினார்கள். ஒவ்வொரு மூட்டிலும் அந்த அட்டையைச் செருகி, இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் அதன்மேல் அணைத்து, ஆணி அடித்து, அட்டையை உருவினார்கள். உருவும்போதெல்லாம் எமெல்டா குனிந்து இடைவெளியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நெருக்கிக்கட்டா?"

"வேணாம்."

"அரை அட்டை?"

"அக்கா."

வெயில் சாயும்போது ரயில் ஓடியது. டடக், டடக் என்று ஒவ்வொரு மூட்டிலும் தட்டிக்கொண்டே போனது. எமெல்டா பதறி ஸ்விட்சை அணைத்தாள்.

"இடிக்குது பாருங்க. இந்தச் சத்தம் இல்லாம பண்ண முடியாதா?"

"நீங்க பொன்மலையிலேயே பொறந்தவங்கதானே?"

"ஆமா."

"சின்ன வயசுல ரயில் போனா தடக் தடக்னு கேக்குமே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

எமெல்டா தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"அந்த அட்டை அளவு இடத்துலேர்ந்துதான்கா" என்று சொல்லிவிட்டுப் பெனாசிர் படியிறங்கினாள்.

எமெல்டா வெகுநேரம் ஸ்விட்சைப் போடவில்லை.

ஞாயிறன்று ஷெரின் வந்தாள். இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தாள். நேரே மாடிக்குப் போய் ரயிலை ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்கும்மா" என்றாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொல்வதுபோல.

அலமாரியைத் திறந்து துணிகளைப் பையில் வைத்தாள். திரும்பும்போதுதான் கதவைக் கவனித்தாள். புதுத் தாழ்ப்பாள், திருகுகள் கோணல்மாணலாக இறங்கியிருந்தன.

"இது எப்ப?"

"நேத்து. நானே போட்டேன்."

ஷெரின் ஒரு திருகை விரலால் தடவினாள். "அப்பவே போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம்" என்றாள் எமெல்டா.

கீழே குக்கர் விசிலடித்தது. ஷெரின் பையைக் கீழே வைத்தாள்.

"அத்தை நாலு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் நான் இங்க தனியா இருக்கட்டா?"

எமெல்டா வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அவள் அங்கேயே நின்றாள். கோணல் திருகில் தாழ் சிக்கி ஒரு தடவை மக்கர் பண்ணியது. 'தள்ளித் தூக்கும்மா' என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

உள்ளே தாழ் விழுந்தது.