முதலாளியின் இரண்டு கை

ஈரோட்டில் தையல் கம்பெனி நடத்திய தணிகாசலம், சட்டை ஆர்டர் எடுக்க ஒரு மொபைல் ஆப் போட்டார். அதில் மூன்று பக்கம். மூன்றும் கை நீளம் கேட்கும். ஒரு பக்கத்தில் போட்டது அடுத்த பக்கத்துக்குத் தெரியாது. "அதுதான் பாதுகாப்பு" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கேட்டதையே கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? ஆர்டர் கொடுத்தவர்கள் கைக்கு வந்த எண்ணைத் தட்டினார்கள். அளவு சரியில்லாமல் சட்டைகள் திரும்பி வந்தன. பழி, தைக்கிற மரகதத்தின் தலையில் விழுந்தது.

"மூணு பக்கத்துல இருக்கிற அளவையும் பார்த்துத் தைக்கணும். இனி ஒரு சட்டை திரும்பி வந்தாலும் உனக்கு வேலை கிடையாது!" என்றார் தணிகாசலம்.

"சரிங்க முதலாளி. முதல்ல உங்களுக்கே ஒண்ணு தைக்கிறனுங்க. ஆப்புல அளவு போட்டுடுங்க."

முதல் பக்கத்தில் நிதானமாக இருபத்துநாலு அங்குலம் போட்டார். இரண்டாம் பக்கத்தில் அதையே பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். மூன்றாம் பக்கமும் கேட்டதும், "சனியனே!" என்று ஒன்பதைக் குத்தினார்.

வியாபாரிகள் சங்க விழாவுக்குக் கிளம்பும்போது சட்டையை மாட்டினார். இடது கை மணிக்கட்டைத் தொட்டது. வலது கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"யார் கொடுத்த அளவுடி இது?"

"எல்லாம் நீங்க போட்டதுதானுங்க. இடது கை முதல் ரெண்டு பக்கத்துப்படி, வலது கை மூணாம் பக்கத்துப்படி."

தணிகாசலம் அங்கேயே போனை எடுத்து, ஆப் செய்தவனைக் கூப்பிட்டார். "முதல் பக்கத்துல போட்டதை மத்த பக்கத்துக்கும் சொல்லித் தொலைய்யா!"

பிறகு சட்டையைக் கழற்றி நீட்டினார். மரகதம் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ, திருப்பித் தராதீங்க முதலாளி. என் வேலை போயிடுமுங்க!"