சம்பந்திக்காகப் போட்ட உத்தரவு

மணற்கோட்டையை ஆண்ட கஜேந்திர பூபதி நல்ல மனுஷர்தான். என்ன, கடைசியாக யார் வந்து காதில் ஓதுகிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் அவருக்கு வேதம். அன்றைக்குக் கடைசியாக ஓதியவர் மந்திரி நாகலிங்கம். வந்தது வினை!

"மகாராஜா, இன்னும் எட்டு நாள்ல சம்பந்தி வர்றார். பல்லக்கு ஆற்றங்கரை வழியாத்தான் வரணும். அங்கே வெள்ளத்துல வீடு போன முப்பது குடும்பம், கண்ட குப்பையையும் பொறுக்கி வீடு கட்டிக்கிட்டு நிக்குது. சம்பந்தி பார்த்தா நம்ம மானம் என்னாகும்?"

சம்பந்தி என்றதுமே ராஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடமாச்சே! அந்த நிமிஷமே தண்டோரா போட்டாயிற்று: 'பழைய பொருளில் இருந்து செய்தது எதுவும் மணற்கோட்டையில் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. இருந்தால் பிடுங்கி எறியப்படும்.'

"பிடுங்குற வேலையை நம்ம வெள்ளியம்பலமே பார்க்கட்டும். அந்த வீடுகளுக்கு யோசனை சொன்னதே அவர்தானே" என்று மந்திரி பல்லிளித்தார். வெள்ளியம்பலம் சபையில் ராஜாவின் ஆலோசகர். அவருடைய கூர்மையான நாக்கு என்றால் மந்திரிக்கு வயிற்றெரிச்சல்.

"ஓய் வெள்ளியம்பலம், நாளைக் காலையில தொடங்கணும். தவறினால் உமக்குச் சபையிலும் இடமில்லை, ஊரிலும் இடமில்லை" என்று சொல்லிவிட்டார் ராஜா.

வெள்ளியம்பலம் ஆற்றங்கரைக்குப் போனார். ஓடக்காரர் வீட்டுச் செங்காயி சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். ஓட்டைத் தாழிகளை அடுக்கி எழுப்பிய சுவர். உடைந்த ஓடத்தின் பலகைதான் கூரை. அச்சு முறிந்த வண்டியின் சக்கரம் ஜன்னலாகி, ஆரக்கால்களுக்கு நடுவே ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது அவருக்கு.

விஷயத்தைச் சொன்னதும் செங்காயி மண்சட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐப்பசி மழை இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது சாமி. மூணு பச்சைப் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்? நாங்க என்ன மாளிகையா கேட்டோம்? ஆறு அடிச்சுட்டுப் போனதுல மிச்சத்தைத்தானே பொறுக்கினோம்!"

வெள்ளியம்பலம் அந்தப் பலகைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "தாயி, உங்க ஆளுங்ககிட்டே கடப்பாரை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. எதுக்கு?"

"நாளைக் காலையில பத்துப் பேரை அனுப்பு. பிடுங்குற வேலை இருக்கு."

"அட பாவி மனுஷா! எங்க வீட்டை நாங்களே பிடுங்கணுமா?"

"உங்க வீடுன்னு யார் சொன்னா?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை. ராஜா தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வெந்நீருக்காகக் காத்திருந்தார். வெந்நீர் வரவில்லை. கத்திப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. இடுப்பில் ஒரு துண்டோடு வெளியே வந்தால், வெந்நீர் அண்டாவை ஆற்றங்கரை ஆட்கள் நாலு பேர் வாசல் பக்கம் உருட்டிக்கொண்டு போகிறார்கள்! வாசலில் கதவையும் காணோம்.

"யாரங்கே! அரண்மனைக்குள்ளே கொள்ளையா?"

"கொள்ளை இல்லை மகாராஜா, உங்க உத்தரவு" என்று கும்பிட்டார் வெள்ளியம்பலம். "அண்டா, உடைஞ்ச கோயில் மணிகளை உருக்கி வார்த்தது. கதவு, உங்க பாட்டனார் எதிரி கோட்டையில இருந்து பெயர்த்துக்கிட்டு வந்தது. பழசு. பிடுங்கியாச்சு."

உள்ளேயிருந்து மகாராணி ஓடிவந்தாள். "ஐயையோ, என் ஊஞ்சலைக் கழற்றுறாங்க! சம்பந்தியம்மா வந்தா தரையிலயா உட்கார வைப்பீங்க?"

"ஊஞ்சல் பலகை பழைய படகுப் பலகைம்மா. நான் என்ன செய்யட்டும்?"

"நிறுத்தும் ஓய்! சிம்மாசனத்தை எங்கே தூக்கிக்கிட்டுப் போறாங்க?"

"அது உங்க முப்பாட்டனார் யானைமேல வெச்ச அம்பாரி மகாராஜா. உடைஞ்சதும் நாலு காலை ஒட்டவெச்சு ஆசனமாக்கினாங்க. கிரீடமும் அப்படித்தான். உருக்கி உருக்கிச் செஞ்சதுல, இப்போ அது உட்கார்ந்திருக்கிறது நாலாவது தலை."

சத்தம் கேட்டு வந்த மந்திரி குதித்தார். "இது ராஜத் துரோகம்! இந்த ஆளைப் பிடிங்க!"

"பதறாதீங்க மந்திரியாரே, அடுத்தது உங்க வீடுதான். இடிஞ்ச கோட்டைச் சுவரோட கல்லெல்லாம் அங்கேதானே வீடாகி நிக்குது?"

மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்க்க ஓட்டம் பிடித்தார்.

ராஜா கதவில்லாத வாசலைப் பார்த்தார். உருளும் அண்டாவைப் பார்த்தார். எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியது.

"ஓய், இப்படி எல்லாமே பழசுன்னா, இந்த அரண்மனையில புதுசுன்னு என்னதான் இருக்கு?"

"ராத்திரி முழுக்க யோசிச்சேன் மகாராஜா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நேத்து நீங்க போட்ட உத்தரவு. அதைத் தூக்கி வெளியே எறிஞ்சா, மத்ததெல்லாம் அதது இடத்துல இருக்கும்."

ராஜாவின் தொப்பைதான் முதலில் குலுங்கியது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் வந்தது எண்ணெயா தண்ணீரா என்று தெரியாத அளவுக்கு!

"எறிஞ்சாச்சு ஓய், எறிஞ்சாச்சு! ஆற்றங்கரை வீடு ஒண்ணையும் யாரும் தொடக் கூடாது. உமக்கு என்ன பரிசு வேணும், கேளும்."

"பின்கட்டுல உடைஞ்ச ஓடும் ஒடிஞ்ச உத்தரமும் மலையாக் கிடக்கு மகாராஜா. ஆற்றங்கரையில இன்னும் ஆறு குடும்பத்துக்குக் கூரை இல்லை. அதைக் கொடுத்தா மழைக்கு முன்னாடி வேய்ஞ்சுடுவாங்க."

"அள்ளிக்கிட்டுப் போம்! ஆனா போறதுக்கு முன்னாடி அந்த அண்டாவை மட்டும் அடுப்புல ஏத்தி வெச்சுட்டுப் போம். நான் இன்னும் குளிக்கலை!"