ஏரிக்குள் காது வைத்த பூநாரை

அந்தக் காலத்தில், பறவைகள் பேசுவது மனிதர்களுக்கு விளங்கிக்கொண்டிருந்தபோது, கிழக்குக் கடலோரத்து உப்பேரி நல்ல தண்ணீர் ஏரியாக இருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு மட்டும்தான் தடுப்பு. பூநாரைக்கும் அப்போது கொக்குக்கு இருப்பதுபோல் நேரான அலகு.

அந்த ஏரியில் தேசப்பன் என்றொரு தோணிக்காரர் இருந்தார். வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் காலையில் தோணியில் ஏற்றி, ஏரியிலுள்ள பறவைகளையெல்லாம் காட்டி, பொழுது சாய்வதற்குள் கரை சேர்ப்பது அவர் வேலை. வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பறவை பார்க்க வந்துவிட்டுக் கட்டுச்சோற்று மூட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூழைக்கடாவைக் காட்டினால், "இது கடிக்குமா?" என்று கேட்பார்கள்.

எந்தப் பறவை எந்தத் திட்டில் இறங்கியிருக்கிறது என்று தேசப்பனுக்கு வழி சொன்னது ஒரு பூநாரை. தோணி கிளம்பும்போது அவர் கழியால் விளிம்பை மூன்று முறை தட்டுவார். ஏரியின் எந்த மூலையில் நின்றாலும் தண்ணீர் வழியாக அந்த அதிர்வு பூநாரையின் காலுக்கு வந்துவிடும். உடனே ஓடி வந்து தோணிக்கு முன்னால் நடக்கும். சொல்லப்போனால், அந்த மூன்று தட்டுக்காகத்தான் அதற்குப் பொழுதே விடிந்தது.

ஒருநாள் வந்தவர்களையெல்லாம் இறக்கிவிட்ட பிறகும் பூநாரை போகாமல் நின்றது.

"இன்னா கண்ணு, சோர்ந்து போயிட்டே?" என்றார் தேசப்பன்.

"எல்லாருக்கும் காட்டுறோம். எனக்கு யாருண்ணா காட்டுறா?"

"உனக்குத் தெரியாதது இந்த ஏரியில இன்னா இருக்கு?"

"கடல் இருக்கே. நீ என்னைத் தோணியில உக்கார வச்சு, 'இதோ பாரு, அதோ பாரு'ன்னு காட்டணும்."

"றெக்கை இருக்கு. பறந்து போய்ப் பாரேன்."

"பார்த்துட்டேன். ஒருத்தர் கூட்டிட்டுப் போய்க் காட்டுற மாதிரி இல்லண்ணா அது."

ஊருக்கெல்லாம் வழி காட்டிய பறவையை ஒருவரும் ஒருநாளும் விருந்தாளியாக உட்கார வைக்கவில்லை என்பது தேசப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தோணி கடலுக்குப் போக வேண்டுமானால் மணல்மேட்டை வெட்ட வேண்டும். அதற்கு அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. மழைக்கு ஏரி நிறைந்தால் ஊரே கூடும். தோணிகளையெல்லாம் கரையேற்றிய பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்கள். மிஞ்சிய தண்ணீர் வடிந்ததும், கடல் ஏறுமுன் எல்லாரும் சேர்ந்து அடைத்துவிடுவார்கள். தனி ஆள் தொடக்கூடாது. தேசப்பனுக்கு இது தெரியாததல்ல. 'ஒரு தோணி போகிற அகலம்தானே, வந்ததும் அடைத்துவிடலாம்' என்று நினைத்தார். பாசம் வந்தால் பெரிய மனிதருக்கும் புத்தி கொஞ்சம் பின்னால்தான் வரும்.

மறுநாள் காலை பூநாரையைத் தோணியில் உட்கார வைத்துவிட்டு மணலை வெட்டினார். முதலில் கையகலம் தண்ணீர் ஓடியது. அவர் தோணியில் ஏறிக் கழியை ஊன்றுவதற்குள் இரண்டு பக்கமும் மணல் பொலபொலவென்று சரிந்தது. மழை நிறைத்த ஏரி மொத்தமும் அந்த வாயை நோக்கிப் பாய்ந்தது. தோணி துரும்பாகக் கடலுக்குள் போனது.

"பற கண்ணு, போய் ஊரைக் கூப்பிடு," என்றார் தேசப்பன். அவர் ஊன்றிய கழி தரையை எட்டவில்லை.

"உன்ன விட்டுட்டா?"

"நான் எப்படியும் வந்துடுவேன். ஏரிக்குள்ள வந்ததும் தட்டுறேன். நீ கேட்டுட்டே இரு."

பூநாரை பறந்து போய் ஊரைக் கூட்டிவந்தது. அதற்குள் கடலில் தோணி இல்லை. ஒன்பது நாள் தேடினார்கள். மணல்வாயும் அடைக்க முடியாத அளவுக்கு அகன்றுவிட்டது. கடல் உள்ளே புகுந்து ஏரி உப்பாயிற்று.

பூநாரை மட்டும் ஏரியை விட்டுப் போகவில்லை. நான் கேட்டதால்தானே போனார் என்று அது தினமும் அழுதது. கடலின் இரைச்சலும் இப்போது ஏரிக்குள் வந்துவிட்டதால், காலுக்கு எந்த அதிர்வும் பிடிபடவில்லை. காதையே தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தது. இரண்டு காதும் முழுக வேண்டுமென்றால் தலையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. அப்படியே சேற்றில் அழுந்தி அழுந்தி அலகு வளைந்துபோயிற்று. பிறந்த குஞ்சுகளும் தாயைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தன.

பல வருடம் கழித்து, கன்னியப்பன் என்ற வேறொரு தோணிக்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறவை காட்ட வந்தார். கழியில் ஒட்டிய சேற்றை உதறத் தோணி விளிம்பில் மூன்று முறை தட்டினார்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பூநாரை ஓடி வந்தது. தோணியிலிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கடைசி முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி முதல் முகத்துக்கு வந்தது.

"அண்ணன் வரலியா?" என்றது.

கன்னியப்பன் கழியை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் வேற ஆளு தாயி," என்றார்.

அது திரும்பிப் போய் மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அன்று முதல்தான் பூநாரை மனிதரோடு பேசுவதை விட்டது. அந்த ஏரித் தோணிக்காரர்களும், பூநாரை நிற்கும் பக்கம் போனால், கழியில் எவ்வளவு சேறு ஒட்டியிருந்தாலும் கையாலேயே வழித்துப் போடுகிறார்கள்.