பொன் வீணையைக் குடைந்தவள்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் சின்னஞ்சிறிசுகளே! பல ஆறுகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்காத காலம் அது. அப்போது ஒரே ஆற்றை நம்பி இரண்டு நாடுகள் இருந்தன. அந்த ஆறு மேட்டுநாட்டில் பிறந்து, தாழ்நாட்டு வயல்களில் பாய்ந்து, அப்புறம்தான் கடலுக்குப் போனது.

தாழ்நாட்டில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். வீணை செய்வது அவள் தொழில். அவள் கணவன் நீலன் நல்ல பலாமரமாகப் பார்த்து அறுத்துக்கொண்டு வருவான். கொற்றி அதைக் குடைவாள், இழைப்பாள், தந்தி கட்டுவாள். தந்தியைச் சுண்டினால் நாதம் அறையை நிறைக்க வேண்டும். நிறைக்கவில்லையென்றால் மறுபடியும் உளியைக் கையில் எடுத்துவிடுவாள். ஆனால் வாசிக்க மட்டும் அவளுக்கு வராது. "நான் வாசித்தால் எங்கள் வீட்டுக் கோழிகூட எழுந்து போய்விடும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருடம், நடவு முடிந்த மூன்றாம் வாரம் ஆற்றில் தண்ணீர் நின்றுபோனது. மேட்டுநாட்டு அரசன் அணையின் மதகை அடைத்துவிட்டான். தாழ்நாட்டு அரசன் வயவன் நியாயம் கேட்டு ஆள் அனுப்பினான். பதிலுக்கு அங்கிருந்து ஒரு தூதன் வந்தான். அவனுக்குப் பின்னால் நான்கு பேர் ஒரு வீணையைச் சுமந்து வந்தார்கள்.

அப்படி ஒரு வீணையை யாரும் கண்டதில்லை. உடம்பெல்லாம் பொன். தலைப்பில் யாளி முகம். மேற்பலகையில் தந்தத்தில் இழைத்த கலைமகள்.

தூதன் சொன்னான்: "இந்த வீணை பேசாது. பதினைந்து நாளைக்குள் இதைப் பேசவைத்தால் மதகைத் திறக்கிறோம். முடியாவிட்டால் ஆற்றை மறந்துவிடுங்கள். இது எங்கள் அரசர் வாக்கு."

அரண்மனை வித்துவான் சித்திராங்கதர் முதலில் வந்தார். பழைய தந்திகளைக் கழற்றி, புதுத் தந்திகள் கட்டி, விரலால் சுண்டினார். டொக்! கட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடுத்து அரண்மனைத் தச்சர் வந்தார். தந்திகளுக்கு அடியில் வரிசையாகப் பதித்திருந்த மெட்டுகளைப் பிடுங்கி, புது மெழுகில் புது மெட்டு பதித்துச் சுண்டிப் பார்த்தார். டொக்!

கடைசியில் மந்திரியே முனைந்தார். பன்னீரால் துடைத்து, சந்தனம் பூசி, ஒரு நாள் முழுக்கப் பூசை நடத்தினார். பூசை முடிந்து சுண்டினார்கள். டொக்!

இதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. வயல்களில் பயிர் மஞ்சளாகி, மண் பாளம் பாளமாக வெடித்தது. அரசன் ஊர் ஊராகப் பறை அறைவித்தான்: "வீணையைப் பேசவைக்கத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் வரலாம்!"

கொற்றி உளிப்பையை எடுத்தாள்.

"பெரிய பெரிய வித்துவான்களே கையை விரித்துவிட்டார்கள். நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்றான் நீலன்.

"கடைமடைக்காரர்கள் நாம். தண்ணீர் வராவிட்டால் முதலில் காய்வது நம் வயல்தானே? ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், வா" என்றாள் கொற்றி.

சபையில் அவள் வீணையை வாசிக்கவும் இல்லை, தந்தியைத் தொடவும் இல்லை. குனிந்து அதைத் தூக்கப் பார்த்தாள். ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

"அம்மா, அது பொன்னின் கனம்" என்றார் சித்திராங்கதர்.

கொற்றி அடிப்பக்கம் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். வெங்காயத் தோல்போல ஒரு தகடு மடங்கிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு மெல்லிய பொன் எப்படி ஐயா இப்படிக் கனக்கும்?"

வித்துவான் குனிந்து அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

கொற்றி இரண்டு குடங்கள் கேட்டாள். ஒன்று நிறையத் தண்ணீர், ஒன்று வெறும் குடம். "அரசே, கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்றாள். வெறும் குடத்தைத் தட்டினாள். கணீர் என்றது. நிறைகுடத்தைத் தட்டினாள். டொக். வீணையின் வயிற்றைத் தட்டினாள். டொக்.

அரசன் கண்ணைத் திறந்தான்.

"இதன் உள்ளே குடையவே இல்லை, அரசே. வெளியே வீணை, உள்ளே வெறும் கட்டை. நாதம் சுற்றிவர உள்ளே இடமே இல்லை. தந்தியை மாற்றினாலும் மெட்டை மாற்றினாலும் என்ன ஆகும்? பொன்னை உரித்து, பலகையை அறுத்து, உள்ளே குடைய வேண்டும்."

சபை கொந்தளித்தது. "கலைமகள் மேலேயா ரம்பம் வைப்பது?" என்று மந்திரி பதறினார். தச்சர் காதைப் பொத்திக்கொண்டார். தூதன் மட்டும் புன்னகை மாறாமல் சொன்னான்: "தாராளமாக அறுக்கட்டும். ஆனால் வீணை உடைந்தால் பந்தயம் தோற்றது என்று பொருள். அன்றைக்கே நான் ஊர் திரும்பிவிடுவேன்."

வயவன் வீணையருகே இறங்கி வந்தான். பிறகு கேட்டான்: "பெண்ணே, உன் கணக்குத் தப்பினால் ஒரு நாடே பட்டினி கிடக்கும். அதற்கப்புறம் நீ ஆயுளுக்கும் உளி தொடக்கூடாது. சம்மதமா?"

கொற்றி தன் உளிப்பையைப் பார்த்தாள். உளி இல்லாத கையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருபது வயதில் அவள் செய்த முதல் வீணை நினைவுக்கு வந்தது. மரம் மெலிந்துவிடுமோ என்று பயந்து பயந்து, அரைகுறையாகக் குடைந்து நிறுத்திய வீணை. அதுவும் இப்படித்தான் டொக் என்றது. அழுதுகொண்டே அதை நெல் அவிக்கும் அடுப்பில் வைத்தாள். இந்தச் சத்தம் அவளுக்குப் புதிதா என்ன?

"சம்மதம், அரசே" என்றாள்.

அரண்மனை முற்றத்தில், பட்டப்பகலில், ஊரே சுற்றி நிற்க வேலை தொடங்கியது. முதல் நாள் பொன் தகட்டை உரித்தாள். தந்தக் கலைமகளைக் கும்பிட்டு, கீறல் விழாமல் பெயர்த்து, மந்திரியின் கையிலேயே கொடுத்தாள். பிறகு நீலன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ரம்பம் பிடித்து மேற்பலகையை அறுத்தார்கள். பலகை பிரிந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளே ஓட்டை ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்கக் கட்டை! தூதனின் புன்னகை அப்போதுதான் மறைந்தது.

இரண்டாம் நாள் குடைந்தாள். கூடை கூடையாய்ச் சிராய் வெளியே போனது. நடுவில் உளி ஒரு முடிச்சில் மாட்டி, மரம் 'விர்ர்' என்று அதிர்ந்தது.

"போதும், இதோடு நிறுத்திவிடு" என்றான் நீலன், தாழ்ந்த குரலில்.

"இதோடு நிறுத்தித்தான் அன்றைக்கு ஒன்றை அடுப்பில் வைத்தேன்" என்றாள் கொற்றி. உளியை மாற்றி, முடிச்சைச் சுற்றி மயிரிழை மயிரிழையாகச் செதுக்கினாள். மரம் பிளக்கவில்லை.

மூன்றாம் நாள் வயிற்றையும் பலகையையும் இழைத்து இழைத்து மெலிவித்தாள். தட்டுவாள், காது கொடுப்பாள், இழைப்பாள். தட்டும்போதெல்லாம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது. பிறகு அரக்கு வைத்துப் பலகையை ஒட்டி, தந்தி பூட்டி, ஒரே கையால் வீணையைத் தூக்கிக்கொண்டு வித்துவானிடம் போனாள்.

"வாசியுங்கள், ஐயா. எனக்குச் செய்யத்தான் தெரியும்."

சித்திராங்கதர் தலை குனிந்தார். "கனம் எனக்கும் தெரிந்தது, அம்மா. பொன்னில் கைவைக்கப் பயந்து, பொன்னின் கனம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்" என்றார். பிறகு வீணையை மடியில் வாங்கி, ஒரே ஒரு தந்தியைச் சுண்டினார்.

என்ன சொல்வது! அந்த ஒரு சுரம் முற்றத்தில் எழுந்து, மாடத்தில் ஏறி, கோபுரத்துப் புறாக்களை எல்லாம் ஒரே வீச்சில் வானத்துக்குக் கிளப்பியது. அவர் விரல் எடுத்த பின்னும் நாதம் நின்றது. இன்னும் நின்றது. அடங்கியதும் எழுந்த ஆரவாரத்தில் கொற்றியின் காதே அடைத்துப்போனது. நீலன் சிராய்க் குவியலின் நடுவே நின்று கூத்தாடினான்.

தூதன் எழுந்து வந்து அவளைக் கைகூப்பி வணங்கினான். "பொன் பூசிய பொருளை அறுக்க இங்கே யாருக்கும் துணிச்சல் வராது என்று எங்கள் அரசர் நம்பினார். தோற்றுவிட்டோம்" என்றான். அவனோடு வந்த குதிரைக்காரன் அப்போதே மேட்டுநாட்டுக்குப் பறந்தான்.

"என்ன வேண்டும், கேள்!" என்றான் வயவன்.

"அப்புறம் கேட்கிறேன், அரசே. கடைமடைக்குத் தண்ணீர் வருவதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்!" கொற்றி உளிப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாய், வாய்க்காலின் வெடிப்புகளை ஒவ்வொன்றாய் நிறைத்துக்கொண்டு வந்தது. ஊர்ச்சனம் கூச்சலிட்டுக்கொண்டே அதன் கூடவே ஓடியது. எல்லோருக்கும் முன்னால் கொற்றி ஓடினாள். கடைசி வயலின் மடையை நீலன் வெட்டிவிட்டான். வெடித்த மண் சளசளவென்று குடிக்கும் சத்தம் கேட்டது. கொற்றி முழங்கால் சேற்றில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வானத்தில் இறைத்தாள்.

ஆகவே கேளுங்கள் மக்களே: குறை உள்ளே இருக்கும்போது வெளியே எத்தனை முறை மெருகேற்றினாலும் பயனில்லை, துணிந்து உள்ளே கைவைப்பவரே அதைத் தீர்ப்பார்.