குளத்து நடுவே நின்ற சாட்சி

கேளுங்கள், ராஜாக்கள் காலத்துக் கதை இது. அம்பலவாணர் என்று ஒரு வியாபாரி இருந்தார். நிழலைக்கூட அளந்து பார்த்துத்தான் உட்காருவார், அப்படிப்பட்ட மனுஷர்!

தம் தோப்புக்கு ஒரு குளம் வெட்ட, மண் வெட்டும் கூட்டத்தின் தலைவன் சடையன் என்பவனோடு ஒப்பந்தம் பேசினார். ஆழத்துக்கு ஏற்ப நெல் கூலி. அந்தக் காலத்தில் குளம் வெட்டுகிறவர்கள் நடுவே கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் தூண் போல விட்டுவைப்பார்கள். அதன் உச்சிதான் பழைய தரைமட்டம். அதை வைத்து ஆழத்தை அளக்கலாம். அதற்குச் சாட்சி என்று பெயர்.

"நானே வந்து சாட்சியை அளப்பேன். சாட்சி இல்லையென்றால் நெல்லும் இல்லை" என்றார் வியாபாரி. சடையனும் தலையாட்டினான்.

சடையனின் சனம் கோடை முழுக்க வெட்டியது. வேலை முடிந்ததும் சடையன் ஆள் அனுப்பினான். கடையில் கூட்டம் என்றார் வியாபாரி. மறுபடி அனுப்பினான். வீட்டில் விருந்து என்றார். மூன்றாம் முறை, நாள் நன்றாக இல்லை என்றார். இதற்குள் வானம் கறுத்துவிட்டது.

மழை கொட்டியது. ஓடைத் தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்தது. சடையன் பனையோலையால் சாட்சியை மூடினான். அடியில் மண் கரைந்தது. கல்லை அடுக்கினான். அதுவும் சரிந்தது. கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பாவம், வேறென்ன செய்வான்?

அவன் மனைவி வீராயி கரையில் நின்று கத்தினாள்: "மண்ணு போனாப் போவுது, நீ மேல வந்துடுய்யா!"

"இது போச்சுன்னா நம்ம சனம் ஒழைச்சதே பொய்யாயிடும் புள்ள!"

தண்ணீர் மளமளவென்று கழுத்துக்கு ஏறியது. சாட்சி அவன் மேலேயே சாய்ந்து அமுக்க, தூக்கிய கையும் தண்ணீருக்குள் மறைந்தது. பதறிக் குதித்தவர்களுக்கு அவன் உடல்தான் கிடைத்தது.

மழை விட்ட பிறகு, வியாபாரி அளவுகோலோடு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நிறைந்து கிடந்த குளத்தைப் பார்த்து, "சாட்சி எங்கே? ஆழம் எவ்வளவு?" என்றார்.

வீராயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எம் புருசன் நல்ல ஒசரம் சாமி. கைய மேல தூக்கினாரு. வெரலுகூட வெளிய தெரியல."

நடந்ததைச் சனம் சொல்லக் கேட்ட வியாபாரி, பேசிய நெல்லுக்கு மேலேயே அளந்து கொடுத்தார். கரையில் உட்கார்ந்து அழவும் செய்தார். வீராயி அந்த நெல்லைச் சனத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, குளத்தைத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

முடிந்த வேலையை உரிய காலத்தில் வந்து பார்த்து ஏற்காமல் இழுத்தடிப்பது, உழைத்தவனுக்குச் செய்யும் கொடுமை.